வலக்கை பச்சை, இடக்கை சிவப்பு

சந்திரிகா மறுபடியும் சைக்கிளில் ஏறியபோது அவளுக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. முந்தின வருஷம் ஊரையே படுக்கவைத்த சிக்குன்குனியா அவளையும் விடவில்லை. காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கிவிட்டது. முழங்கால் வலி மட்டும் வாடகைக்கு வந்தவன் சொந்தக்காரன் ஆனதுபோல உட்கார்ந்துகொண்டது. செம்பாக்கம் ஏரிக்கரையில் நாலு எட்டு நடந்தாலே முட்டி கடுத்தது. டாக்டர் கடைசியில், "நடக்க முடியலன்னா சைக்கிள் ஓட்டிப் பாருங்கம்மா. முட்டிக்கு பாரம் தெரியாது" என்றார்.

சைக்கிள் வீட்டிலேயே இருந்தது. மகள் ஜெயப்ரியா கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனதிலிருந்து அது மாடிப்படிக்குக் கீழே, காலி பெயின்ட் டப்பாக்களோடு கிடந்தது. தூசி தட்டி, டியூப் மாற்றி, காலையில் தெருவில் இறக்கினாள். முதல் நாள் கோயில் வரைக்கும் போய்த் திரும்பினாள். ஒரு மாதத்தில் ஏரியை ஒரு சுற்று. மழைக்காலம் முடிவதற்குள் மாடம்பாக்கம், அகரம்தென் என்று நீண்டுவிட்டது. முட்டி வலி எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை. போனது தெரிந்தபோது, சைக்கிளை விட மனம் வரவில்லை.

அவள் கணவன் சிட்டிபாபு மெயின் ரோட்டில் செங்கல், மணல், ஜல்லி வியாபாரம் செய்பவன். தாத்தா காலத்தில் நெல் விளைந்த நிலத்தில் இப்போது மனைகளும் அவன் கடையும் இருந்தன. "கடைக்கு வர்றவன்லாம், அக்காவ அகரம்தென்ல பாத்தேன்றான்" என்று சொல்லுவான். அது புகாரா பெருமையா என்று கண்டுபிடிக்க முடியாதபடி சொல்லுவான்.

அவர்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருபவள் காந்தா. கோவளத்துக் கடற்கரைக் குப்பம் அவளுக்கு. விடியலில் கரையில் மீன் எடுத்து, பஸ் மாறி, தலையில் அலுமினியக் கூடையோடு தெருவுக்குள் வருவாள். கேட் ஓரமாக உட்கார்ந்து மீனை அரிந்துகொண்டே ஊர்க்கதை சொல்லுவாள். பல வருஷமாக அவள் சொல்லும் கதைகளில் ஒன்று, சந்திரிகா ஒரு தடவைகூடக் கோவளத்துக்கு வந்ததில்லை என்பது.

"எம்மாம் வருசமா எங்க ஊரு மீன துன்னுகினு கீறே. ஒரு தபா வந்து கடல பாக்கக் கூடாதாக்கா?"

"வர்றேன் காந்தா. இந்த ஞாயித்துக்கிழமை என் சைக்கிள்லயே வர்றேன்."

காந்தா அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். வாய்விட்டு, தோள் குலுங்க, அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். "சைக்கிள்லயா? கோவளத்துக்கா? நீ மட்டும் வந்துட்டேன்னு வெச்சுக்கோ, கரையில இருக்கிற மீன்லயே பெரிய மீன எடுத்து உன் கையில குடுக்கறேன்."

அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அது சந்திரிகாவின் காதிலேயே தங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை இருட்டு பிரிவதற்குள் கிளம்பினாள். கொளப்பாக்கம் வரைக்கும் பிரமாதமாகப் போனாள். கேளம்பாக்கம் சாலையில் ஏறிய பிறகுதான் வினை. சாலையை அகலப்படுத்துகிறோம் என்று கொத்திப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பள்ளமும் சக்கரத்திலிருந்து ஏறி நேராக உள்ளங்கையில் வந்து இடித்தது. கால் தளரவில்லை, மூச்சு வாங்கவில்லை. கை மட்டும் கெஞ்சியது. முதலில் எரிச்சல். பிறகு கொப்புளம். பிறகு சுண்டுவிரலும் மோதிரவிரலும் தன்னுடையவை அல்ல என்பதுபோல மரத்துப்போயின. மாம்பாக்கத்துக்கு அருகே குறுக்கே ஒரு எருமை வந்தபோது பிரேக்கை அழுத்த முயன்றாள், விரல் வளையவில்லை. எருமை பெரிய மனசு பண்ணி ஒதுங்கியதால் தப்பித்தாள்.

பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து ஒரு டீ வாங்கினாள். கண்ணாடி டம்ளர் விரல்களுக்கு இடையே வழுக்கி, புடவையெல்லாம் டீ. அதற்குமேல் வீம்பு பிடிப்பதில் அர்த்தமில்லை என்று கணவனுக்குப் போன் செய்து, எருமை வந்ததையும் சொன்னாள்.

சிட்டிபாபு கடையின் சரக்கு வண்டியை, அந்த 'குட்டி யானை' மினி லாரியை, ஓட்டிக்கொண்டு வந்தான். மணல் ஒட்டிய வண்டியில் சைக்கிளை ஏற்றிக் கயிறு கட்டினான். கொளப்பாக்கம் திரும்பும் வரையில் சிரிப்பை அடக்கிப் பார்த்தான்.

"எருமைக்கு நன்றி சொன்னியா?"

சந்திரிகாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அடுத்த பள்ளத்தில் இரண்டு பேரும் ஒன்றாகத் தூக்கிப் போடப்பட்டபோது சிரிப்பு வந்துவிட்டது.

"காலு நல்லாத்தாங்க இருக்கு. கைதான் ஏமாத்திடுச்சு."

"அப்ப கைக்கு எதனா பண்ணணும்" என்றான் அவன்.

சொன்னதோடு நிற்கவில்லை. மறுநாளே தாம்பரத்தில் மோட்டார் சைக்கிள் சாமான் விற்கும் கடையிலிருந்து ஒரு ஜோடி கறுப்புக் கையுறை வாங்கிவந்தான். பைக் ஓட்டுகிறவர்கள் போடுவது. விரல் நுனிவரை மூடியது. சந்திரிகா அதைப் போட்டுக்கொண்டு ஏரியைச் சுற்றிவிட்டு வந்து கழற்றியபோது, உள்ளங்கை ஊறவைத்த கடலைபோல் சுருங்கியிருந்தது. பெல் எங்கே இருக்கிறது என்றுகூடத் தடவித் தெரியவில்லை என்றாள்.

"விரல்தானே தொந்தரவு?" என்று சிட்டிபாபு கத்தரிக்கோலை எடுத்தான். பத்து விரல்களையும் பாதியில் நறுக்கித் தந்தான். பார்க்க அசல் சைக்கிள் வீரர் கையுறை மாதிரியே இருந்தது. இரண்டு நாள். மூன்றாம் நாள் நறுக்கிய இடத்திலிருந்து நூல் பிரிய ஆரம்பித்து, மணிக்கட்டு வரைக்கும் வந்தது. அது காற்றில் பறக்க, அவள் வீடு வந்து சேர்ந்தாள்.

அடுத்தது தாம்பரம் மார்க்கெட் பக்கத்து விளையாட்டுச் சாமான் கடை. கடைக்காரர் ஏசுதாசன் நல்ல மனிதர். ஃபேன் போட்டு, ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். விரல் இல்லாத கையுறை என்றதும், ஜிம்முக்குப் போகிறவர்கள் வெயிட் தூக்கப் போடுவதை எடுத்து வைத்தார். நல்ல தடிமனான பஞ்சு.

சந்திரிகா போட்டுப் பார்த்துக் கையை மூடினாள். முழுதாக மூடவில்லை. "சின்னக் கைங்க எனக்கு. இவ்ளோ பஞ்சு இருந்தா ஹேண்டில்பார எங்க புடிக்கறது?"

"போடப் போட அமுங்கிடும் மேடம். எல்லாருக்கும் இதுதான் போகுது. கைன்னா எல்லாம் ஒண்ணுதானே?"

"எல்லாம் ஒண்ணுன்னா எதுக்குங்க சைஸ் போட்டு விக்கறாங்க?"

ஏசுதாசன் நியாயம்தான் என்று தலையை ஆட்டினார். அவரிடம் வேறு மாதிரி இல்லை. சிட்டிபாபு மனசு கேட்காமல் அதையே வாங்கிவிட்டான். போட்டு ஓட்டியதில் ஒரு உபகாரம் கிடைத்தது: வலி கொஞ்சமும் குறையாததால் ஒரு விஷயம் புரிந்தது. பஞ்சு விரல்களின் அடியில் இருந்தது. வலி வேறெங்கோ இருந்தது.

அப்படியானால் கை எங்கேதான் அழுத்துகிறது? அன்று சாயங்காலம் பூஜை அறையில் விளக்கேற்றும்போது குங்குமச் சிமிழைப் பார்த்தாள். யோசனை அப்போதுதான் உதித்தது. கணவனின் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து ஹேண்டில்பாரின் இரண்டு பிடிகளிலும் சுற்றினாள். குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு உள்ளங்கையிலும் பூசிக்கொண்டாள். தெருக்கோடி வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்பி வந்தாள். எதிரே வந்த பால்காரர் ஒன்றும் கேட்காமல் ஓரமாக ஒதுங்கினார்.

சிட்டிபாபு கடை மூடிவிட்டு வந்தபோது அவள் ரத்தச் சிவப்பான கைகளோடு, சிவந்த துணியை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா சந்திரி இது, கொலை நடந்த வூடு மாதிரி கீது."

"இங்க பாருங்க" என்று அவள் உள்ளங்கையைக் காட்டினாள். சுண்டுவிரலுக்குக் கீழே மணிக்கட்டுப் பக்கமாக இருக்கும் சதைமேட்டில் குங்குமம் முழுதாக அழிந்திருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள வளைவிலும் அப்படியே. விரல்களின் அடியில் பூசியது பூசியபடி இருந்தது. "பஞ்சு இந்த ரெண்டு இடத்துலதான் வேணும். அதுவும் மெத்தை மாதிரி வேணாம், ஒரு தோசை கனம் போதும். நடுவுல தையல் ஏதும் வரக் கூடாது."

அவன் அவள் கையைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் கையை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்று நினைத்தானோ என்னவோ, கொஞ்ச நேரம் விடவில்லை. பிறகு, "வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போலாம். தோல் சாமான்லாம் அங்க கொட்டிக் கிடக்கும்" என்றான். அவன் கையிலும் குங்குமம் ஒட்டியிருந்தது.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இல்லாதது எதுவும் இல்லை. பழைய மிக்ஸியும் கிளிக்குஞ்சும் ரோஜாச் செடியும் ஒரே வரிசையில் விற்றன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தோல் பெல்ட் விற்கும் இடத்தைத் தாண்டி, தார்ப்பாயில் பரணி என்றொரு ஆள் கையுறைகளைக் குவியலாகக் கொட்டி வைத்திருந்தான். தோட்டவேலைக்கானது, வெல்டிங்குக்கானது, குழந்தைகளுக்கானது எல்லாம் கலந்து ஒரு சிறு மலை.

"எக்ஸ்போர்ட் மாலு, அக்கா. ஜோடி மட்டும் நீயே சேத்துக்கணும். அதெல்லாம் தேடித் தர நம்மளால ஆவாது."

சந்திரிகா புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். சிட்டிபாபு வெள்ளைச் சட்டையைப் பார்த்தான், தார்ப்பாயைப் பார்த்தான், அவனும் உட்கார்ந்தான்.

விரல் இல்லாதவற்றைத் தனியாகப் பிரிப்பதற்கே நேரம் பிடித்தது. அதன்பிறகு ஒவ்வொன்றாகச் சோதனை. தையலை இரண்டு பக்கமும் இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இடைவெளி தெரிந்தால் அது வேண்டாம். ஒற்றைத் தையல் வேண்டாம். உள்ளங்கை ரெக்ஸினாக இருந்தால் வேண்டாம், வியர்வை பட்டால் உரிந்துவிடும். கையை மூடும்போது உள்ளே துணி மடிப்பு விழுந்தால் வேண்டாம்; அந்த மடிப்புதான் மறுநாள் கொப்புளம். தேறியவற்றைப் போட்டுக்கொண்டு, நாலு எட்டு தள்ளிப் பழைய சைக்கிள் விற்பவனிடம் போய், நிறுத்தியிருந்த சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துப் பாரத்தைப் போட்டு அழுத்திப் பார்த்தாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள்.

சைக்கிள்காரன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான். "யக்கா, சைக்கிள் வாங்கப் போறியா, இல்ல ஹேண்டில்பார மட்டும் கயட்டித் தரட்டா?"

"கொஞ்சம் பொறுத்துக்கப்பா. கை சரியா அமையணும்ல" என்றாள் சந்திரிகா. அவன் சலித்துக்கொண்டே, அவளுக்கு வாகாக இருக்கட்டும் என்று சின்ன சைக்கிள் ஒன்றை முன்னால் இழுத்து வைத்தான்.

அப்போதுதான் அது கிடைத்தது. பச்சை நிறம், வலது கை. உள்ளங்கை மெல்லிய தோல், இரட்டைத் தையல். புறங்கை வலைத்துணி, ஊதினால் காற்று உள்ளே வந்தது. கட்டைவிரல் மேல் துவாலைத் துணி ஒட்டியிருந்தது. அது எதற்கு என்று புரியாமல் இருந்தவள், நெற்றியில் வழிந்த வியர்வையைத் தன்னையறியாமல் அதில் துடைத்தபோது புரிந்துகொண்டாள். பஞ்சு அளவாக இருந்தது, அவளுடைய குங்குமம் அழிந்த அதே இரண்டு இடத்தில் இருந்தது. கையை மூடினாள். மடிப்பு இல்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தாள். கையுறை போட்டிருப்பதே மறந்துபோனது.

"இதுதாங்க."

"இன்னொண்ணு எங்க?" என்றான் சிட்டிபாபு.

இன்னொன்று இல்லை. பச்சையில் வலது கை மேலும் இரண்டு கிடைத்தன, இடது மட்டும் இல்லை. சிட்டிபாபு குவியலுக்குள் முழங்கைவரை விட்டுத் துழாவினான். அவனிடம் ஜல்லி வாங்கும் மேஸ்திரி ஒருவர் அந்தப் பக்கம் வந்தவர், "இன்னாண்ணா, இன்னா தேடறே?" என்று கேட்டார். "இடது கை" என்றான் அவன். மேஸ்திரியும் உட்கார்ந்தார். கூண்டில் லவ் பேர்ட்ஸ் வாங்கிக்கொண்டு போன ஒரு பெண்மணி கூண்டைக் கீழே வைத்துவிட்டுச் சேர்ந்துகொண்டார். தேடித் தர ஆவாது என்று சொன்ன பரணியும் பொறுக்காமல் குவியலைப் புரட்ட ஆரம்பித்தான். கடைசியில் அந்தப் பெண்மணிதான் அடியிலிருந்து ஒன்றை உருவி எடுத்தார். அதே செய்நேர்த்தி, அதே அளவு, இடது கை. நிறம்தான் நல்ல மிளகாய்ச் சிவப்பு.

ஒரு கணம் எல்லாரும் சந்திரிகாவின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் இரண்டையும் மாட்டிக்கொண்டு, கைகளை முன்னால் நீட்டிப் பார்த்தாள்.

"கலர் கைக்குத் தெரியவா போகுது" என்றாள். மேஸ்திரி கைதட்டினார். கூண்டுக்குள் பறவைகள் பயந்து சிறகடித்தன.

வந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கிளம்பினாள். அதே சாலை, அதே பள்ளங்கள். இந்தத் தடவை அவை கைக்கு வந்து சேருவதற்குள் பாதி தேய்ந்துபோயின. பிடியை அடிக்கடி கொஞ்சம் மாற்றிக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாக விரித்து மடக்கினாள். மாம்பாக்கம் டீக்கடையில் இறங்கி டீ குடித்தாள். டம்ளர் சூடாக, விரல் நுனியில் நன்றாக உறைத்தது. அந்தச் சூடு அவளுக்கு இவ்வளவு சந்தோஷம் தரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள். புதுப்பாக்கம் மலை வந்தது, போனது. கேளம்பாக்கத்தில் கடைகள் திறந்துகொண்டிருந்தன. அதைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் தண்ணீர், உப்பளம், ஒற்றைக்காலில் நிற்கும் கொக்குகள். காற்றின் வாசனை மாறியது. அவள் வாய்க்குள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டே மிதித்தாள்.

கரையில் ஏலம் சூடாக நடந்துகொண்டிருந்தது. படகுகளுக்கு நடுவே கூடையும் கையுமாகப் பேரம் பேசிக்கொண்டிருந்த காந்தா, மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த பெண்ணை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். மறுபடி திரும்பினாள். கூடை கையிலிருந்து நழுவியது.

"அக்கா. மெய்யாலுமே வந்துட்டியா?"

சந்திரிகாவுக்கு மூச்சு வாங்கியது. தலையை மட்டும் ஆட்டினாள். காந்தா ஓடிவந்து, ஈரக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு கரை முழுக்கக் கேட்கும்படி, செம்பாக்கத்திலிருந்து சைக்கிளிலேயே வந்திருக்கிறாள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். சொல்லச் சொல்லத் தூரம் கூடிக்கொண்டே போனது.

காந்தாவின் புருஷன் குமரவேல் வலையை உதறிக்கொண்டிருந்தவன், சந்திரிகாவின் கைகளையே உற்றுப் பார்த்தான். "இடது பக்கம் செவப்பு, வலது பக்கம் பச்ச. கப்பலுக்கு ராத்திரில இப்படித்தான் லைட்டு போடுவாங்க. கரீட்டாத்தான் மாட்டிகினு வந்திருக்காங்க" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சந்திரிகாதான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தாள்.

காந்தா சொன்ன சொல் தவறவில்லை. அன்று கரை ஏறியதிலேயே பெரிய வஞ்சிரத்தைத் தூக்கிச் சந்திரிகாவின் இரண்டு கைகளிலும் வைத்தாள். பிடித்து நிற்கவே சிரமமாக இருந்தது. அதன்பிறகு வீட்டுக்கு அழைத்துப் போய், சுடச்சுட நெத்திலி வறுத்துப் போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் காந்தாவின் பார்வை வாசலில் நின்ற சைக்கிள் மேல் போனது.

"நான் ஏறினா தாங்குமா இது?"

"ஏறிப் பாரேன்."

"எனுக்கு ஓட்டத் தெரியாதே."

"நான் புடிச்சுக்கறேன். இதைப் போட்டுக்கோ" என்று சந்திரிகா கையுறைகளைக் கழற்றித் தந்தாள். மீன் அரிந்து அரிந்து காய்த்துப்போன அந்தக் கைகளுக்கு அவை கொஞ்சம் இறுக்கம்தான். காந்தா புடவையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஏறினாள். சந்திரிகா கேரியரைப் பிடித்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பக்கமும் ஓடினார்கள். முதல் தடவை நேராகக் காய்ந்த வலைக்குவியலில் போய் விழுந்தாள். விழுந்தவள் எழுந்திருக்காமல், அங்கேயே படுத்துச் சிரித்தாள். இரண்டாம் தடவை கோயில் வரைக்கும் போனாள். தெருவே கூடவே ஓடியது.

இந்தக் கூத்துக்கு நடுவில் சிட்டிபாபு போன் செய்தான். "சேந்துட்டியா? கை எப்படி கீது? வண்டி எடுத்துகினு வரட்டுமா?"

"கை ஜம்முனு இருக்குங்க. வண்டி வேணாம். வஞ்சிரம் வருது, காந்தா பஸ்ல எடுத்துட்டு வர்றா. நீங்க புளிய மட்டும் ஊற வைங்க."

"எவ்ளோ புளி?"

"மீன் பெருசு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மதியத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பியது. வீடு திரும்பும் வழி முழுக்க அது முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தது. புதுப்பாக்கம் தாண்டி ஒரு நல்ல தார்ச்சாலைத் துண்டில் மிதிப்பதையே நிறுத்திவிட்டு, அவள் சும்மா உட்கார்ந்து வந்தாள். காந்தாவின் பஸ் அவளைக் கடந்து போனது. ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு அசைந்தது. இவள் பெல்லை அடித்தாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது சமையலறையில் ஒரு பெரிய அண்டா நிறைய, கல்யாணத்துக்குப் போதும் போலப் புளி ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சிட்டிபாபு கரண்டியோடு நின்றான். சந்திரிகா அண்டாவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பிறகு தெருவில் யார் யாரைச் சாப்பிடக் கூப்பிடலாம் என்று யோசிக்க ஆரம்பித்தாள்.